துதிக்கும் கவளத்துக்கும் நடுவே

ஹஸ்கேல் யாருக்கும் பயந்தவனில்லை.

பஸ்ரா படித்துறையில் பேரீச்சை மூட்டை சுமந்து தோள் காய்த்தவன். அடி வாங்கினான், திருப்பிக் கொடுத்தான். அவன் படித்த படிப்பு அதுதான். பிறகு அதே துறையில் சொந்தப் படகு விட்டான். அவனோடு பேரம் பேசிவிட்டுப் போகிறவர்கள் வீட்டுக்குப் போய் ஈரத் துணியை நெற்றியில் போட்டுக்கொண்டு படுத்துவிடுவார்கள் என்று ஊரில் சொல்வார்கள்.

ஐம்பது தாண்டிய பிறகு அவனுக்கு ஒரு குறை உறுத்த ஆரம்பித்தது. யூதனாகப் பிறந்தும், உண்ணும் முன்னும் உண்ட பின்னும் இறைவனுக்குச் சொல்ல வேண்டிய துதிகள் அவனுக்கு ஒழுங்காகத் தெரியாது. பந்தியில் மற்றவர்கள் வாயசைக்கும்போது அவனும் அசைப்பான். அவ்வளவுதான்.

அதைக் கற்க ஹக்கம் நிசிமிடம் போனான். அந்த ஊர் யூதர்கள் தங்கள் ஆசானை ஹக்கம் என்பார்கள். நிசிம் அவனைவிட மிகவும் இளையவர். ஒல்லி. உரக்கப் பேசத் தெரியாதவர்.

“ரொட்டிக்கு ஒண்ணு, மரத்துப் பழத்துக்கு ஒண்ணு, மண்ணுல விளையறதுக்கு ஒண்ணு, திராட்சை மதுவுக்கு ஒண்ணு” என்றான் ஹஸ்கேல். “இதென்ன ஹக்கம், சுங்கச் சாவடியா? வாய்க்குள்ள போற ஒவ்வொண்ணுக்கும் தனி வரியா? மொத்தமாப் பேசி முடிக்க ஏதும் கிடையாதா?”

“இருக்கு. ‘எல்லாம் உன் சொல்லால் உண்டாயின’ன்னு ஒரு துதி. இறைச்சிக்கும் மீனுக்கும் தண்ணிக்கும் அதுதான். மத்தது தெரியாதவன் எதுக்கு அதைச் சொன்னாலும் செல்லும்.”

“அப்ப அது போதுமே!”

“தெரியாதவனுக்குப் போதும். கத்துக்க வந்து உக்காந்தவனுக்கு?”

ஹஸ்கேல் தாடியைச் சொறிந்தான். “சரி. மிச்சத்தையும் எடுங்க.”

கற்றான். வேகமாகவே கற்றான். ஒருநாள் கேட்டான்.

“துதி சொல்லாம தின்னா?”

“இறைவனோட பொருளைத் திருடின மாதிரி.”

“சொல்லிட்டுத் தின்னலேன்னா?”

“அது இன்னும் மோசம். திருப்பெயரை வீணாச் சொன்னதா ஆகும். அதனாலதான் துதிக்கும் கவளத்துக்கும் நடுவுல பேச்சுக் கூடாதுங்கறது. சொன்னதும் வாயில போடணும்.”

“வீணாச் சொன்னா என்ன ஆகும்?”

“‘என் பெயரை வீணாகச் சொல்லாதே’ன்னு சீனாய் மலையில இறைவனோட வார்த்தை வந்தப்போ உலகம் முழுக்க நடுங்குச்சுன்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க.”

ஹக்கம் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். ஹஸ்கேல் அதைச் சாதாரணமாகக் கேட்கவில்லை.

பேரீச்சை வரத்து தொடங்கிய நேரம். படித்துறையில் ஒருவன் கூடை நிறையப் பழம் கொண்டுவந்து வைத்தான். ஹஸ்கேல் ஒன்றை எடுத்தான். நின்றான். மரத்தின் கனிக்கான துதியை, ஒரு சொல் விடாமல், திருப்பெயரோடு சொன்னான். கூலிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பிறகுதான் பழத்தைப் பிளந்தான். உள்ளே புழு.

பழத்தைப் பிளந்து பார்த்துவிட்டுத் துதி சொல்ல வேண்டும். அது முறை. அவன் துதி சொல்லிவிட்டுப் பிளந்தான். அதுகூடப் போகட்டும், கூடையில் இன்னும் எத்தனையோ பழம் இருந்தது, வாயைத் திறக்காமல் வேறொன்றை எடுத்துத் தின்றிருந்தால் துதி செல்லுபடியாகியிருக்கும். ஆனால் அவன் ஹஸ்கேல். ரத்தம் தலைக்கேறிவிட்டது.

“யாருகிட்டடா புழுப்பழத்தைத் தள்ளப் பாக்கிற? உங்கப்பன்கிட்டயா வியாபாரம் பண்ற?”

கூடையை ஒரே உதை. பழமெல்லாம் ஆற்றில் மிதந்தது. விற்க வந்தவன் ஓடிவிட்டான். வெறும் கை. வாயில் ஒன்றுமில்லை. துதி மட்டும் சொல்லியாகிவிட்டது.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. காலடியில் படிக்கல்லைப் பார்த்தான். அது அசைகிறதா என்று பார்த்தான்.

கல் அசையவில்லை. வீட்டுக்குப் போனான். வாசலிலேயே மனைவி மஸூதா நின்றாள்.

“ஃபர்ஹாவுக்குக் காய்ச்சல். உடம்பு தூக்கித் தூக்கிப் போடுது.”

ஒரே மகள். பிந்திப் பிறந்த சிறுமி. கம்பளிக்குள் கிடந்தாள். பற்கள் அடித்துக்கொண்டன. கட்டில் கால் தரையில் தடதடத்தது.

ஹஸ்கேல் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றான். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் அடுப்பெரிவது நின்றுவிடவில்லை. ஆனால் சாப்பாடு தொண்டைக்குள் இறங்குவது நின்றுவிட்டது. யார் எதை எடுத்தாலும் ஹஸ்கேல் வந்து முன்னால் நிற்பான். துதி சொன்னாயா? எந்தத் துதி? திருப்பெயரைச் சரியாக உச்சரித்தாயா? மஸூதா இரண்டு வேளை பொறுத்தாள். பிறகு சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, துதி சொல்லிவிட்டு நின்றபடியே தின்றாள்.

அவனோ தின்பதையே விட்டான். தின்றால்தானே துதி, துதி சொன்னால்தானே பிழை.

காய்ச்சல் குறைந்தது. வைத்தியர் வந்து நாடி பார்த்தார். “சூடு இறங்கிடுச்சு. இனி இவளைக் கொல்றதுன்னா பசிதான் கொல்லும். கோழிச் சாறு கொடுங்க. அடிக்கடி கொடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மஸூதா சாறு கொண்டுவந்தாள். ஹஸ்கேல் கரண்டியை வாங்கிக்கொண்டான்.

“சொல்லும்மா. ‘எல்லாம் உன் சொல்லால்.’ தெளிவாச் சொல்லு.”

ஃபர்ஹா சொன்னாள். நாக்கு குழறியது. பாதி காற்று, பாதி சொல். கரண்டி வாய்க்குள் போயிற்று.

“துப்பு!” என்றான் ஹஸ்கேல். “திருப்பெயரை முழுங்கிட்ட. நான் கேட்டேன்.”

துப்பினாள். மறுபடி சொல்லச் சொல்ல வாயெடுத்தான், அங்கேயே நின்றுவிட்டான். முதலில் சொன்னது சரியாக இருந்திருந்தால், இரண்டாவது வீண். முதலில் சொன்னது தவறென்றால், சொல்லாமல் தின்பது திருட்டு. இந்தப் பக்கமும் பள்ளம், அந்தப் பக்கமும் பள்ளம். கரண்டி அந்தரத்தில் நின்றது. சாறு ஆறி மேலே கொழுப்பு படிந்தது.

“அப்பா” என்றாள் ஃபர்ஹா. “நான் சாப்பிட்டா உலகம் நடுங்குமா?”

அவன் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தான்.

அதற்குப் பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை. தாய் கொடுத்தாலும் திறக்கவில்லை. கரண்டியைப் பார்த்ததும் பல்லை இறுக்கினாள். உதடு வெடித்தது. கண் உள்ளே போயிற்று.

ஊரில் மணற்காற்று வீசிய ஒரு பகல். ஹக்கம் நிசிம் தன் முற்றத்தில் துவைத்த துணியை மறுபடியும் துவைத்துக்கொண்டிருந்தார். மஸூதா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். முகமெல்லாம் மணல்.

“என் வீட்டுக்குள்ள என்னத்தை அனுப்பினீங்க ஹக்கம்?”

“யாரும்மா, அபூ ஃபர்ஹா வீட்டம்மாவா?” ஃபர்ஹாவின் அப்பா என்று பிள்ளை பெயரால் அழைப்பது அந்த ஊர் மரியாதை.

“ஃபர்ஹாவோட அப்பாவாம்! ஃபர்ஹா இருந்தாத்தானே அப்பா! அந்த மனுஷன் படிக்காம இருந்தப்போ முரடன். கத்துவார், தட்டை வீசுவார், அப்புறம் அதே தட்டுல சாப்பிடுவார். உங்ககிட்ட வந்து படிச்சாரு. இப்போ கத்தறதில்ல. பூனை மாதிரி நடக்கிறார். பொண்ணு வாயைப் பூட்டிட்டாரு. எனக்கு அந்த முரடனையே திருப்பிக் கொடுங்க!”

ஹக்கம் துணியை வாளியில் போட்டார். கையைத் துடைக்காமலேயே நடந்தார்.

ஹஸ்கேல் கட்டிலருகே தரையில் உட்கார்ந்திருந்தான். சட்டை தொளதொளத்தது. ஹக்கமைக் கண்டதும் எழுந்து, நிற்க முடியாமல் சுவரைப் பிடித்தான். நடந்ததையெல்லாம் சொன்னான். புழு, கூடை, ஆறு, கட்டில் கால் சத்தம், துப்பச் சொன்னது. எதையும் மறைக்கவில்லை.

“தீர்ப்புச் சொல்லுங்க ஹக்கம். சொன்னாளா சொல்லலையான்னு சந்தேகம். என்ன செய்யணும்?”

“உண்ணும் முன்னால சொல்ற துதியில சந்தேகம் வந்தா, திரும்பச் சொல்லக் கூடாது. அப்படியே சாப்பிடலாம்.”

“நிஜமாவே சொல்லாம இருந்திருந்தா? திருட்டாச்சே.”

“சந்தேகத்துல இருக்கிறவ திருடி இல்ல.”

“இதை உங்க தலையில போட்டுக்குவீங்களா?”

“போட்டுக்கிறேன்.”

“சத்தியமா?”

“சத்தியம் பண்ணி இன்னொரு தடவை இறைவன் பெயரை இழுக்கவா?”

ஹஸ்கேல் முகத்தில் கொஞ்சம் ரத்தம் வந்தது. பேரம் படிந்தவன் முகம். மகள் பக்கம் திரும்பினான்.

“ஹக்கமே சொல்லிட்டார், கண்ணு. நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். சும்மா சாப்பிடு.”

கரண்டியை நீட்டினான். ஃபர்ஹா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பல் கிட்டியிருந்தது.

“ஹக்கம் சொல்லிட்டாரும்மா!”

அவள் அசையவில்லை. தீர்ப்பு அப்பனுக்குப் போதுமானதாக இருந்தது. அவளுக்குப் போதவில்லை.

மஸூதா முக்காட்டுத் துணியை வாயில் அடக்கிக்கொண்டாள். வெளியே காற்று கதவை இடித்தது.

ஹக்கம் கட்டிலருகே மண்டியிட்டார். “புதுசாச் சூடு பண்ணிக் கொண்டாங்க” என்றார்.

சாறு வந்தது. கிண்ணத்தை ஃபர்ஹா கண்ணுக்குப் படும்படி வைத்தார். ஒரு கரண்டி மொண்டார். பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, திருப்பெயரோடு துதியைச் சொன்னார்.

“எங்கள் இறைவா, உலகின் அரசே, எல்லாம் உன் சொல்லால் உண்டாயின; நீ போற்றப்படுவாயாக.”

சொல்லி முடித்தார். கரண்டியைத் தன் வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

ஹஸ்கேல் முதலில் புரியாமல் பார்த்தான். பிறகு அலறினான்.

“ஹக்கம்! குடிங்க! வாயில ஊத்துங்க! வீணாப் போகுது!”

ஹக்கம் பேசவில்லை. துதிக்கும் கவளத்துக்கும் நடுவே அவர் எப்படிப் பேசுவார்? கரண்டியைக் கட்டிலின் பக்கம் நீட்டியபடி இருந்தார்.

“ஐயோ, பெயரைச் சொல்லிட்டீங்களே! நான் அறியாமப் பண்ணினேன், இந்தக் கதி! நீங்க அறிஞ்சு பண்றீங்களே! ஒரு சொட்டு, நாக்குல ஒரு சொட்டு!”

அவன் இரண்டு கையாலும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான். நிலம் அசைந்தால் மகளோடு சேர்த்துக் கட்டிலைத் தாங்க வேண்டும் என்பதுபோல.

ஃபர்ஹா தலையைத் திருப்பினாள். அவள் ஹக்கமைப் பார்க்கவில்லை. கிண்ணத்தைப் பார்த்தாள். சாறு தளும்புகிறதா என்று வெகு நேரம் பார்த்தாள்.

கிண்ணத்தில் சாறு அசையாமல் இருந்தது.

பிறகு கரண்டியைப் பார்த்தாள். கரண்டி நடுங்கியது. விளிம்பிலிருந்து ஒரு துளி கம்பளியில் விழுந்தது. கரண்டியிலிருந்து ஹக்கமின் விரலுக்கு, விரலிலிருந்து மணிக்கட்டுக்கு அவள் பார்வை போயிற்று. மணிக்கட்டும் நடுங்கியது. அவர் நெற்றியில் வியர்வை.

அவள் கையை வெளியே எடுத்தாள். குச்சி போன்ற விரல்கள். ஹக்கமின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“ஆமென்” என்றாள்.

கரண்டியைத் தானே இழுத்து வாயில் வைத்துக்கொண்டாள். விழுங்கினாள்.

மஸூதா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“எனக்காகச் சொல்லல, அபூ ஃபர்ஹா” என்றார் ஹக்கம். இப்போது பேசலாம். “தான் சாப்பிடாம அடுத்தவனுக்காக இந்தத் துதியைச் சொல்லக் கூடாது. குழந்தைக்குப் பழக்கிக் கொடுக்க மட்டும் சொல்லலாம். அது வீணாகாது.”

“முன்னாடியே சொல்லியிருக்கலாமே! என் உயிர் போயிடுச்சே!”

“இவ வாயைத் திறப்பாளா மாட்டாளான்னு முன்னாடியே எனக்கு எப்படித் தெரியும்? திறக்கலேன்னா நான் சொன்னதும் வீண்தான்.”

ஹஸ்கேல் கட்டில் சட்டத்திலிருந்து கையை எடுத்தான்.

ஃபர்ஹா இரண்டாவது கரண்டியை விழுங்கிவிட்டுச் சொன்னாள். “ஹக்கம், உங்க கை நடுங்குச்சு.”

“ஆமாம்.”

“பயமா?”

“ஆமாம்.”

“அப்ப ஏன் சொன்னீங்க?”

“உனக்குப் பசி.”

அவள் அதை யோசித்தாள். மூன்றாவது கரண்டிக்கு வாயைத் திறந்தாள். கிண்ணத்தில் பாதி போனதும் கண்ணை மூடிக்கொண்டாள். மஸூதா ஓடிவந்து மூக்குக்கு நேரே விரலை வைத்துப் பார்த்தாள். தூக்கம்தான்.

ஹஸ்கேல் குரலைத் தாழ்த்தினான். அவன் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை.

“ஹக்கம், ஒண்ணே ஒண்ணு. மழுப்பாமச் சொல்லணும். இந்தக் காய்ச்சல் நான் அன்னிக்கு வீணாக்கின துதிக்காக வந்ததா?”

ஹக்கம் அவன் சட்டைக்குள் தெரிந்த எலும்பைப் பார்த்தார். “நீங்க கடைசியா எப்போ சாப்பிட்டீங்க?”

“அவரா?” என்றாள் மஸூதா. “தண்ணி குடிக்கவே தாகமா இல்லையான்னு தன்னைத் தானே விசாரணை பண்ணுவார். தாகமில்லாமக் குடிச்சா துதி கிடையாதாமே. அந்த வம்பே வேண்டாம்னு குடிக்கிறதுமில்ல.”

“ரொட்டி இருக்கா?”

கொண்டுவந்தாள். ஹஸ்கேல் ஹக்கமின் முகத்தைப் பார்த்தான். மறுபேச்சு அங்கே நடக்காது என்று தெரிந்தது. கை கழுவினான். அதற்குரிய துதியைச் சொன்னான். ரொட்டியை இரண்டு கையிலும் எடுத்தான்.

“எங்கள் இறைவா, உலகின் அரசே, மண்ணிலிருந்து ரொட்டியை வரவழைப்பவனே, நீ போற்றப்படுவாயாக.”

ஒரு துண்டு பிட்டான். அது வாய்க்குப் பக்கத்தில் வந்து நின்றது.

மண்ணிலிருந்து என்று சொன்னேனா? மரத்திலிருந்து என்று சொல்லிவிட்டேனா? வாய் பழக்கத்தில் ஏதாவது உளறியதா? கேட்கலாமென்று ஹக்கமைப் பார்த்தான். உதட்டைத் திறந்தவன் சட்டென்று மூடினான். பேசக் கூடாது. பேசினால் சொன்னதும் வீண். பேசாமல் கேட்க முடியாது. தின்னாமல் பேச முடியாது. தின்னப் பயம்.

கையில் துண்டோடு அந்தப் பெரிய மனிதன் நின்றான். மூட்டை சுமந்த கையால் ஒரு கவளத்தைத் தூக்க முடியவில்லை.

கட்டிலிலிருந்து தூக்கக் கலக்கத்தில் ஒரு குரல்.

“அப்பா, உப்பு வேணுமா?”

ஹஸ்கேல் திரும்பினான். பிறகு ஹக்கமைப் பார்த்தான். அவன் கண்ணில் கேள்வி இருந்தது.

“கேக்கலாம்” என்றார் ஹக்கம். “உப்பு கேக்கிறது சாப்பாட்டுப் பேச்சு. நடுவுல வந்தாலும் குறுக்கீடு இல்ல. வேற எந்தப் பேச்சுக்கும் இடமில்ல.”

“உப்பு” என்றான் ஹஸ்கேல். பாதிதான் வெளியே வந்தது.

மஸூதா உப்புக் கிண்ணத்தை நீட்டினாள். அவன் துண்டைத் தொட்டுக்கொண்டான். வாயில் போட்டான். மென்றான். நெடுநேரம் மென்றான், பழக்கம் விட்டுப்போனவன் போல. விழுங்கினான்.

வெளியே காற்று தணிந்திருந்தது, அல்லது அவர்களுக்குக் கேட்கவில்லை.

“இப்போ பேசலாமா?” என்றான்.

“பேசலாம்.”

“அப்ப சொல்லுங்க. காய்ச்சல் என்னாலதானா?”

ஹக்கம் மீதி ரொட்டியை எடுத்து அவன் முன்னால் நகர்த்தினார்.

“உண்ணும் முன்னால வர்ற சந்தேகத்துக்குத் திரும்பச் சொல்ல இடமில்லைன்னு சொன்னேன். ரொட்டி தின்னு வயிறு நிறைஞ்சவனுக்கு அப்படி இல்ல. உண்ட பின்னால சொல்ற நன்றித் துதியைச் சொன்னோமா இல்லையான்னு அவனுக்குச் சந்தேகம் வந்தா, அவன் மறுபடியும் சொல்லியே ஆகணும். பசியில வர்ற சந்தேகம் வேற, நிறைஞ்ச பிறகு வர்ற சந்தேகம் வேற. வயிறு நிறையட்டும், அபூ ஃபர்ஹா. அதுக்கப்புறமும் இந்தக் கேள்வி இருந்தா வந்து கேளுங்க.”

ஹஸ்கேலின் கை மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கப் போயிற்று. பாதி வழியில் நின்றது. பிறகு ரொட்டிப் பக்கம் திரும்பியது.